ஏழு தடவை கழுவிய கை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போதுதான் நாங்கள் தோட்டத்துக் குவார்ட்டர்ஸை விட்டு, மாத்தளைக்கு அப்பால் யட்டவத்தைப் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். என் கணவர் கொக்கோத் தோட்டம் ஒன்றில் கிளார்க். குவார்ட்டர்ஸில் ஒரு செடி நட்டாலும் துரையின் இடம் என்ற நினைப்பு இருக்கும். இங்கே மண்ணே எனக்குச் சொந்தம். கேட்கவா வேண்டும்? வாசலிலிருந்து வேலி வரை ரோசாவாக நட்டுத் தள்ளினேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ராணி என்று ஒரு நாய் இருந்தது. கணவர் வேலைக்குப் போய்விட்டால் அந்தி வரை நான் பேசுவதெல்லாம் அதனோடுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். மிளகும் கொக்கோவும் வாங்கிக் காயவைத்து விற்பவர்கள். அந்த வீட்டு அம்மாவை நாங்கள், அக்கா என்ற முறையில், ராத்தா என்று கூப்பிடுவோம். ராணி வேலியில் நுழைந்து போய் அவருடைய கோழிகளைத் துரத்தும். இரண்டு கோழி செத்த பிறகு ஒருநாள் ராத்தா வேலியோரம் வந்து, “இன்னொரு தடவ வந்தா நான் சும்மா ஈக்க மாட்டேன் தங்கச்சி, சொல்லிட்டேன்” என்றார். “கோழிய அடைச்சு வைங்க ராத்தா” என்று சொல்லிவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன். தப்பு எங்கள் பக்கம் என்று தெரிந்தேதான் சொன்னேன். என் வாய் அப்படி.

அடுத்த வாரம் ஒரு காலையில் ராணி வாந்தி எடுத்தது. நாலு காலும் வெடவெடவென்று நடுங்க, நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்துக்கொண்டது. மிருக வைத்தியர் இருப்பது மாத்தளையில். பஸ்ஸோ மத்தியானத்துக்குப் பிறகுதான். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. நேரே வேலிக்குப் போய், “ஒரு வாயில்லா ஜீவனுக்கு நஞ்சு வச்சிட்டீங்களே ராத்தா, எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

ராத்தா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்து, வேலி வழியாக ராணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சற்று நேரத்தில் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சிரட்டைக் கரியை இடித்துத் தண்ணீரில் கரைத்து ஒரு கோப்பையில் கொண்டுவந்திருந்தார்.

குனிந்து வாந்தியைப் பார்த்தார். “நெனச்சது சரி. இது கொக்கோக் கொட்ட. இத எங்க போட்டீங்க தங்கச்சி?”

தோட்டத்து ஸ்டோரில் கழித்துப்போட்ட உடைந்த கொட்டைகளை முந்தின நாள்தான் என் கணவர் ஒரு சாக்கு கொண்டுவந்திருந்தார். நல்ல உரம் என்று ரோசாப் பாத்தி முழுக்கக் கொட்டியது நான்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்று செடியின் அடியைத் தோண்டித் தின்றிருக்கிறது. துரைமார் பாலில் கலந்து குடிக்கிற சாமான் நாய்க்கு நஞ்சாகும் என்று யார் கண்டது?

“எங்க ஆடு ஒண்ணு, காயப்போட்ட கொட்டயத் தின்னு இப்படித்தான் நடுங்கிச் செத்துச்சு” என்றார் ராத்தா. “கரித்தண்ணி குடுத்தா சில நேரம் தப்பும். நான் வாயப் புடிக்கிறேன், நீங்க ஊத்துங்க.”

நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அது எனக்கும் தெரியும். நாயைக் கண்டாலே சேலையை ஒதுக்கிக்கொண்டு நடக்கிறவர் அவர். அன்றைக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ராணியின் வாயை விரித்துப் பிடித்தார். நான் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். எச்சிலும் கரியும் அவர் முழங்கை வரை வழிந்தன. மதியத் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் வரை அவர் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அதற்குள் ராணியின் நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

பிறகு கிணற்றடிக்குப் போனோம். “கொஞ்சம் மண்ணு தாங்க தங்கச்சி. ரோசாப் பாத்தி மண்ணு மட்டும் வேணாம்” என்று சொல்லிச் சிரித்தார். நான் தண்ணீர் இறைத்து ஊற்ற ஊற்ற அவர் கழுவினார். நாலாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது.

“மன்னிச்சிருங்க ராத்தா.”

“அழாம எண்ணுங்க, கணக்குத் தப்புது. கோழி போன கோவம் எனக்கு ஈந்துச்சிதான். அதுக்காக உங்க நாய் சாகணும்னு நெனப்பேனா?”

இரண்டு நாள் கழித்து ராணி எழுந்து கஞ்சி குடித்தது. அதற்குப் பிறகும் பல வருடம் எங்களோடு இருந்தது. கணவர் அந்த வாரமே கொட்டைகளை அள்ளிக் குழியில் புதைத்துவிட்டு, வேலிக்குக் கம்பிவலை அடித்தார். வலை வந்தும் பேச்சு நிற்கவில்லை. கொக்கோ பறிக்கும் காலம் வந்தால் “காயப்போடப் போறேன், நாயக் கட்டுங்க” என்று ராத்தா குரல் கொடுப்பார். மழை பிடித்தால், தேரையைக் கவ்வ விடாதீங்க, அதுவும் நஞ்சு என்பார். வெயில் காலத்தில் தண்ணீர்ச் சட்டியை நிழலுக்கு மாற்றினேனா என்று கேட்பார். வருடம் முழுக்க என் ராணிக்குக் காவல் இருந்தது வேலிக்கு அந்தப் பக்கத்தில்தான்.

இன்றைக்கும் கோபத்தில் யார் மீதாவது பழிபோட வாயெடுத்தால், முதலில் என் ரோசாப் பாத்தியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.