பாலத்தில் ஏறாத கடைசி கியர்

பாலத்து ஏற்றத்தின் நடுவில், முன்னால் லாரி, பின்னால் ஒரு பட்டாளம் மோட்டார் சைக்கிள், பெடலை மிதிக்க மிதிக்க கியர் மட்டும் விழமாட்டேன் என்று அடம்பிடிக்க, நீங்கள் நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது வேறு யாருமில்லை, என் சொந்த மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காரைக்காலில் சைக்கிள் கடை வேலையில் இருந்தவரை அப்பா நாங்கள் இருந்த சைகோனுக்கு வரவழைத்தார். ஊருக்குச் சொன்ன காரணம், நல்ல வேலை. வீட்டுக்குள் சொன்ன காரணம், காரைக்காலில் தையல் கடையில் இருந்த ஒரு பெண். “அந்தப் பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது” என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே அரைமணி நேரம் அந்தப் பேச்சைத்தான் பேசுவாள். வேலை கிடைத்தால் மாமா இங்கேயே இருப்பார். கிடைக்காவிட்டால் விசா முடிந்ததும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். எனக்கோ மாமா போகவே கூடாது. வீட்டில் என்னோடு சண்டை போட வேறு ஆள் கிடையாது.

வேலை கிடைக்காமல் போகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மாமா கியர் வைப்பதை, அதாவது திருகி ஒழுங்குபடுத்துவதை, பார்த்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மலை ஏறுவதற்கென்று செய்த சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு பெடலைச் சுற்றுவார். செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் சத்தம் மட்டும் போதும். ஒயர் தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் மலை சைக்கிள் விற்கும் சீனத்து முதலாளியம்மாவிடம் அப்பா பேசி வைத்திருந்தார். அந்த அம்மாவிடம் ஒரு வினோதமான சட்டம் உண்டு. வேலை கேட்டு வருகிறவன் கியர் வைத்த சைக்கிளை அவன் ஓட்டக்கூடாது, அவன் வீட்டு ஆள்தான் ஓட்ட வேண்டும். சைகோன் தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு என்று பார்த்தால் கால்வாய்ப் பாலம் ஒன்றுதான். அதில் ஏறி, கடைசிப் பெரிய பல்சக்கரத்தில் செயினை உட்காரவைத்து, காலை ஊன்றாமல் உச்சியைத் தொட வேண்டும். சொந்த ரத்தத்தை உட்கார வைத்தால் எவனும் திருகாணியை ஏனோதானோ என்று முடுக்க மாட்டான் என்பது அந்த அம்மாவின் கணக்கு.

எனக்கு வியட்நாமிய மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆகவே மொழிபெயர்ப்பும் நான், ஓட்டுவதும் நான்.

முந்தின நாள் அம்மா எங்களை த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே வரும் வியட்நாமியப் பெண்கள் மாதிரியே மாமாவும் சன்னதிக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன மாமா கேட்டீங்க?”

“ஒங்கம்மா கேட்டதத்தான். கொஞ்சம் மாத்தி.”

மறுநாள் கடை வாசலில் மாமா ஸ்க்ரூடிரைவரோடு குந்தினார். திருகினார், சுற்றினார், கேட்டார். அப்பா தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் தமிழிலேயே, “நம்ம மச்சினன்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“மெதுவாப் போ குட்டி. வரலன்னா காலை ஊணிடு, வம்பு பண்ணாத” என்றார் மாமா.

“அதெல்லாம் வரும்!” என்று ஏறி உட்கார்ந்தேன்.

ஏற்றம் ஆரம்பித்தது. ஒரு பல் மாற்றினேன், வெண்ணெய் மாதிரி ஏறியது. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பல்லுக்குத் தட்டினேன். கடகடவென்று சத்தம்தான் வந்தது. செயின் தாவவில்லை. மறுபடி தட்டினேன். பெடல் கல்லாகிவிட்டது. சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய, காலை ஊன்றிவிட்டேன். பின்னால் அத்தனை ஹாரனும் ஒன்றாக அலறியது. ஒரு பெண் “ட்ரோய் ஓய்!” என்று கத்திக்கொண்டே என்னை உரசிப் போனாள். கடவுளே என்று அர்த்தம். எனக்கும் அதேதான் தோன்றியது. மாமா வைத்த கியர் விழவில்லை! இடி விழுந்திருந்தால்கூட நான் அப்படி அதிர்ந்திருக்க மாட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மாமா கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். நான் நிற்பதற்கு முன்பே ஓடிவந்துகொண்டிருந்திருக்கிறார்.

கடைக்குத் திரும்பியதும், அப்பா வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, முதலாளியம்மா குனிந்து கியர் திருகாணியைப் பார்த்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, களுக்கென்று சிரித்து என்னிடம் சொன்னார். நான் அப்படியே தமிழில் ஒப்பித்தேன்: “ஒங்களுக்கு வேலை தெரியலன்னு அப்பாகிட்ட அவங்களே சொல்லிடுறாங்களாம்.”

மாமா அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். திட்டு வாங்கியதற்கு யாராவது கும்பிடுவார்களா?

அப்பா வழியெல்லாம் குமுறினார். “கண்ண மூடிக்கிட்டு வைக்கிறவன், கண்ணத் தொறந்துகிட்டு கோட்ட விட்டியேடா!”

“எந்தத் திருகாணின்னு கொழம்பிட்டேன் அத்தான்.”

அம்மா அழுதாள். நான் அவளைவிட அதிகமாக அழுதேன். மாமா மட்டும் பெட்டி கட்டும்போது சீட்டி அடித்தார். அவருக்கு அதிர்ச்சியில் ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவுகட்டினேன்.

போன வருஷம், காரைக்காலில் மாமா வீட்டிலிருந்து காலேஜுக்கு ஓட்டும் சைக்கிளைப் பிரித்துப் போட்டு நானே கியர் வைக்கக் கற்றுக்கொண்டபோதுதான் மண்டையில் அடித்தது. செயின் எதுவரை தாவலாம் என்று கட்டுப்படுத்தும் அந்தத் திருகாணியில் இரண்டு விதமாகத் தப்பு பண்ணலாம். அதிகம் தளர்த்தினால், செயின் பெரிய பல்லைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழுந்து சக்கரத்தை இறுக்கிவிடும். ஓட்டுகிறவர் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்களுக்கு அடியில் கிடப்பார். அதிகம் முடுக்கினால், கடைசிப் பல்லுக்கு மட்டும் போகாது, அவ்வளவுதான். குழம்பிப்போன ஆள் இரண்டில் எதை வேண்டுமானாலும் செய்திருப்பான். மாமா முடுக்கியிருந்தார். பத்து வயதில், தோற்பதற்குக்கூட இத்தனை கவனம் வேண்டும் என்று எனக்கு எங்கே தெரியும்?

அந்தத் தையல் கடைப் பெண்தான் என் அத்தை. இப்போது கீழே மீன் பொரித்துக்கொண்டிருக்கிறார்.