கொம்பும் காலும் ஓடாத வெர்ஷன்

சிடி உறையின் பின்பக்கத்தில் உதவிக்கு என்று ஒரு போன் எண் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஓர் ஐயங்கார் பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். தமிழ், கன்னடம், இந்தி என்று நம் மொழிகளில் கல்யாணப் பத்திரிகை, பேனர், ஸ்டிக்கர் எல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைக்க ஒரு மென்பொருள் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஆபீசில் இரண்டே அறைகள். கண்ணாடிக் கதவு போட்ட உள் அறையில் ஏசியும் புரோகிராமர்களும். வெளி அறையில் ஒரு ஃபேன், ஒரு போன், நான். மத்தியானம் கீழேயிருந்து காரா பன் வாசனை கிளம்பி வரும். அது மட்டும்தான் இரண்டு அறைக்கும் பொது.

திருப்பத்தூரில் கணிதம் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, புரோகிராம் எழுதத்தான் நான் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். இன்டர்வியூவில் நான் பேசிய பேச்சைக் கேட்டவர்கள், இவ்வளவு நன்றாகப் பேசுகிற பெண்ணை உள்ளே உட்காரவைப்பது வீண் என்று முடிவு செய்து, போன் மேசையைக் கொடுத்துவிட்டார்கள். வாய் எனக்குச் செய்த துரோகங்களில் அது முதலாவது. ஊரிலோ அம்மா, பெண் சாஃப்ட்வேர் எழுதுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போய் உட்கார வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

போனில் வந்தவர்களில் ஜீவனஹள்ளி ஸ்டிக்கர் கடைக்காரர் தனி ரகம். ஆட்டோவின் பின்கண்ணாடியில் அரைவட்டமாகப் பெயர் ஒட்டித் தருவது அவர் தொழில். சந்தோஷமாக இருந்தால் என்னைத் தங்கச்சி என்பார். கோபம் வந்தால் மேடம் ஆகிவிடுவேன். நான் பெரும்பாலும் மேடமாகத்தான் இருந்தேன்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஓர் எழுத்து. அன்றைய கம்ப்யூட்டருக்கு மூன்று துண்டுகள்: முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால். நேர்கோட்டில் எழுதினால் மூன்றும் நல்ல பிள்ளைகளாக ஒட்டிக்கொண்டு நிற்கும். வளைத்து எழுதினால் போச்சு. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் தனித்தனியாகச் சாயும்.

"மேடம், கொம்பு ஒரு பக்கம் ஓடுது, காலு ஒரு பக்கம் ஓடுது. நடுவுல க மட்டும் பேக்கு மாதிரி நிக்குது. இத எவன் ஆட்டோல ஒட்டுவான்?" என்றார் ஒரு நாள்.

அதற்கு வழியில்லை என்று சொல்லத்தான் எனக்கு உத்தரவு. சொன்னேன். போனை வைத்த பிறகு, ஏன் வழியில்லை என்று எனக்கே எரிச்சலாக வந்தது. வட்டமும் கோணமும் மூன்று வருடம் படித்தவள் நான். புரோகிராமர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் உள்ளே நுழைந்து, காலியாக இருக்கும் ஒரு மெஷினில் எழுத ஆரம்பித்தேன். யோசனை ரொம்பச் சின்னது. துண்டுகளை எண்ணாதே, எழுத்தை எண்ணு. கொம்பையும் க-வையும் காலையும் ஒரே கட்டாகக் கட்டு, சாய்ப்பதானால் கட்டோடு சாய். கன்னட எழுத்துக்கு அடியில் தொங்கும் குட்டி எழுத்தையும் அப்படியே சேர்த்துக் கட்டினேன். யோசனை சின்னதே தவிர, எழுதி முடிப்பதற்குள் பிராணன் போய்விட்டது. ஆனால் முதன்முதலில் 'கொடைக்கானல்' என்ற சொல் வானவில் மாதிரி வளைந்து, ஒரு கொம்புகூட உதிராமல் திரையில் வந்து நின்றபோது, நான் நாற்காலியிலிருந்து எழுந்து தனியாகக் கைதட்டினேன். அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தாத்தா மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். மூன்று தலைமுறையாக பெங்களூர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நான் எழுதியதைப் பார்த்தார். முகத்தில் ஒரு வினாடி பிரகாசம் வந்தது. உடனே அதை அணைத்துவிட்டார். இது சேர்ந்தால் மென்பொருள் திறப்பதற்கே கூடுதல் நேரம் பிடிக்கிறது, கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் கூடுதல் தலைவலி என்றார். நான் விடவில்லை. வாயாடினேன். கடைசியில் அவர் ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"இந்த வெர்ஷன்ல போடறேன்மா. கணேஷா ஹப்பா வரைக்கும் பாக்கலாம். ஒரே ஒருத்தராவது இதப் பத்தி அவங்களா போன் பண்ணணும். பண்ணா, இது இருக்கும், நீயும் உள்ள வந்துடு. பண்ணலேன்னா அடுத்த வெர்ஷன்ல எடுத்துடுவேன்."

ஹப்பா என்றால் கன்னடத்தில் பண்டிகை; பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. அவர் வாயை மூடுவதற்குள் சரி என்றுவிட்டேன். போன் என் மேசையில்தானே இருக்கிறது. அது அடிக்காமல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

யுகாதி அன்று புதிய வெர்ஷன் வெளியானது. அந்த வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை பரபரக்கிறது. ஆபீஸ் முழுக்க சிடி உறைகள். ஒருவர் மடிக்க, ஒருவர் ஒட்ட, சாரே தரையில் சம்மணம் போட்டு கூரியர் விலாசம் எழுதினார். பேக்கரிக்காரர் மைசூர் பாக் அனுப்பினார். அது போதாதென்று மாடிக்கு ஏறி வந்து, அவர் கடைப் பெயரைத் திரையில் பெரிதாக்கிச் சின்னதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனுக்கு எதிரே உட்கார்ந்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூட நான் அவ்வளவு சிரத்தையாக உட்கார்ந்ததில்லை.

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கத்தரிக்கோல் படம் இடது பக்கம் இருந்ததே, அது ஏன் வலது பக்கம் போனது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். புதிய வண்ணங்களைப் பார்த்த ஒரு பத்திரிகை டிசைனர், மாம்பழ மஞ்சளுக்கும் மஞ்சள்தூள் மஞ்சளுக்கும் இப்போதுதான் வித்தியாசம் தெரிகிறது என்று பாதி அழுகையில் நன்றி சொன்னார். நான் வளைவைப் பற்றி ஏதாவது வருமா என்று காத்திருந்தேன். இன்னொருவர், திறக்கும்போது வரும் மயில் படம் அழகாக இருக்கிறது, அதற்காகவே மூடி மூடித் திறக்கிறேன் என்றார். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன்.

எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசப்பட்டது சாருடைய சொந்தச் சரக்கு. ஆங்கில வரிகளின் முதல் எழுத்து தானாகவே பெரிய எழுத்தாக மாறும்படி, யாரிடமும் சொல்லாமல் கடைசி நாளில் ஒன்றைச் சேர்த்திருந்தார். ஆங்கிலத்துக்கு அது அமிர்தம். எங்கள் தமிழ் எழுத்துருவிலோ 'ம' அடிக்கும் பட்டனை ஷிப்டோடு சேர்த்து அடித்தால் 'மு' வரும். கம்ப்யூட்டருக்கு இது ஆங்கிலமா தமிழா என்று எங்கே தெரியப்போகிறது. வரியின் தொடக்கத்தில் இருந்த ஒவ்வொரு 'ம'-வையும் அது மரியாதையாக 'மு' ஆக்கியது. ஊரிலுள்ள மணமகன்களும் மணமகள்களும் முணமகனும் முணமகளும் ஆனார்கள். கல்யாணம் குல்யாணம் ஆனது. ஒரு அச்சகத்துக்காரர், பெண் வீட்டார் இதைப் பார்ப்பதற்குள் எனக்கு ஒரு வழி சொல்லம்மா என்று கெஞ்சினார். அதை நிறுத்திவைக்கும் இடத்தை ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாருடைய பெயர் பெங்களூர் முழுக்கப் பரவியது. என் வளைவைப் பற்றி ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

மழைக்காலம் வந்தது. நான் வெட்கத்தை விட்டு, போன் செய்கிறவர்களிடமெல்லாம் வளைவு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ஆங், இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அவர்கள் தங்கள் புகாருக்குத் திரும்பிவிடுவார்கள். நாமாகக் கேட்டு வாங்குவது கணக்கில் வராது என்று சார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவர் காது அவ்வளவு கூர்மை. ஸ்டிக்கர் கடைக்காரரும் ஒரு நாள் போன் செய்தார், முணமகன் விஷயமாகத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. யாருக்காக அதை எழுதினேனோ அவரே ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு என் வருத்தமே விளங்கவில்லை. "அதுக்கு என்னா தங்கச்சி, அது பாட்டுக்கு ஓடுது. கரெண்டு இருக்குதுன்னு கரெண்டு ஆபீசுக்கு எவனாச்சும் போன் பண்ணுவானா? போச்சுன்னாதான் பண்ணுவான்" என்றார்.

எனக்கு அப்போது அது ஆறுதலாகப் படவில்லை. கணேஷா ஹப்பா வந்தது, போனது. சார் என்னை அழைத்து, எடுக்கத்தான் போகிறேன் என்றார். குரலில் கிண்டல் இல்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஈஜிபுராவில் இருந்த என் அறைக்கு நடந்தே போனேன். விவேக் நகர் தாண்டும்போது பிள்ளையாரைக் கரைக்க எடுத்துப்போகும் டெம்போக்கள் வரிசையாக நின்றன. முதல் டெம்போவின் பேனரில் தமிழ் அரைவட்டமாக வளைந்திருந்தது. கொம்பும் காலும் இருந்த இடத்தில் இருந்தன. அதற்குப் பின்னால் ஒரு கன்னட பேனர், அதுவும் வளைந்தே. நெரிசலில் மாட்டிய ஆட்டோக்களின் பின்கண்ணாடிகளைப் பார்த்தேன். 'அன்னையின் அருள்', 'கொல்லிமலை ராஜா', 'தோழன்'. எல்லாம் என் வளைவு. கொட்டுச் சத்தத்தின் நடுவே நடுரோட்டில் நின்று சிரித்தேன். பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் ஆட்டோவை மாடிப்படி ஏற்றி சாரிடம் சாட்சி சொல்லவைக்க முடியாது. அப்போதுதான் கரெண்டு ஆபீஸ் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் சார் என் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். நான் சிரித்த முகத்தோடு போய் நின்றேன்.

"எடுத்துடுங்க சார். ஆனா அந்தப் பழைய பேச்சு ஆயுத பூஜை வரைக்கும் இருக்கட்டும். ஒருத்தராவது அவங்களா போன் பண்ணா நான் உள்ள வரேன்."

வளைவு இருந்தபோது அடிக்காத போன் அது இல்லாதபோது அடிக்குமா என்று சந்தேகமாக என்னைப் பார்த்தார். பிறகு, ஆகட்டும் என்று தோளைக் குலுக்கினார். யாருக்குமே அது தேவைப்படாமல் போனால், கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நான் கிழவியாக வேண்டும்.

முணமகன் தொல்லை நீங்கிய, வளைவும் நீங்கிய புதிய சிடி வாடிக்கையாளர்களுக்குப் போனது. அதைப் போட்டால் பழையது தானாக அழிந்துவிடும். ஒரு நாள் போயிற்று. போன் அடிக்கவில்லை. இரண்டாம் நாள் மயில் எங்கே, கிளி வந்திருக்கிறதே என்று ஒருவர் விசாரித்தார். அன்று மத்தியானம் காரா பன் எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நான் பையை மேசையில் வைப்பதற்கு முன்பே போன் அடித்தது.

"மேடம்" என்றது ஜீவனஹள்ளி. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு உயிர் வந்துவிட்டது. "வளைவு எங்க மேடம்? ஆயுத பூஜைக்கு ஆட்டோக்காரன்லாம் க்யூல நிக்கிறான். பழைய ஃபைல தொறந்தா கொம்பு ஒரு பக்கம் ஓடுது, காலு ஒரு பக்கம் ஓடுது. உங்களுக்கெல்லாம் தலை கெட்டுப்போச்சா?"

அவ்வளவு இனிமையான திட்டை நான் கேட்டதில்லை. பழைய சிடியையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அவர் பேஜாரை அப்போதே தீர்த்திருக்க முடியும். பிறகு சொல்லவும் சொன்னேன். அதற்கு முன், ஒரு நிமிஷம் அண்ணா, எங்க சாரே பேசுவார் என்று சொல்லிவிட்டு, ரிசீவரைக் கண்ணாடிக் கதவு வரை ஒயரோடு இழுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். சார் நின்றுகொண்டே கேட்டார். காது மெல்லச் சிவந்தது. வைத்ததும் மறுபடி அடித்தது. இந்த முறை கன்னடத்தில் திட்டு. அவரும் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்தது ஒரு பேனர்காரர். அதற்கடுத்தவர் இந்தியும் உருதுவுமாகக் கலந்து அடித்தார். உள் அறை மொத்தமும் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றது. எனக்கு வாய் காதுவரை போய்விட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

சார் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். போன் திரும்பவும் அடித்தது. பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டினேன். அவர் ரிசீவர்மேல் தன் கையை வைத்தார்.

"விடும்மா. இனிமே அது உன் வேலை இல்ல. உள்ள போய் உக்காரு."

கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தேன். உள்ளேயிருந்து ஏசிக் காற்று முகத்தில் அடித்தது. போன் இன்னும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தபடியே திரும்பினேன்.

"சார், இந்த ஒரு திட்டு மட்டும் நானே வாங்கிட்டு வந்துடறேன்" என்றேன்.