றொபின்சன் பாஸின் கல்லுப் பாலம்

கண்ணை மூடிக்கொண்டு என் காரின் பின்கதவைத் தடவிக்கொண்டிருக்கிறார் றொபின்சன். வலது கையின் நடு விரல்கள் மட்டும் தகட்டின் மேல் மெல்ல வழுக்கிப் போகின்றன, ஓரிடத்தில் தயங்குகின்றன, திரும்பி வருகின்றன. "இந்த எடத்துல ஒரு பள்ளம் இருக்கு மிஸ். கண்ணுக்கு ஆப்புடாது. வெயில்ல நிப்பாட்டினாத்தான் தெரியும்" என்கிறார். நான் குனிந்து பார்க்கிறேன், சாய்ந்து பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் கொண்டுவந்தது ஒரேயொரு நசுங்கலைத்தான். அவர் தடவி முடித்தபோது அது குடும்பமாகப் பெருகியிருந்தது.

மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் வாங்கும் கடைகள் நெருங்கி நிற்கும் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய டிங்கரிங் கராஜ். நசுங்கலுக்குப் பூசித் தேய்க்கும் பட்டித் தூள் படிந்து புருவம் எப்போதும் வெளுத்திருப்பதால் ஐம்பது வயது மனிதர் அறுபதைத் தாண்டியவராகத் தெரிவார். முகத்தைக் கழுவிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது பலருக்கு அடையாளம் தெரிவதில்லையாம். சிங்கள வாடிக்கையாளர்கள் மரியாதையாக 'பாஸ் உன்னஹே' என்பார்கள், தமிழ் ஆட்கள் 'றொபின்சன் பாஸ்' என்பார்கள். எவர் எப்படி அழைத்து எப்போது முடியும் என்று கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' எவ்வளவு நீளமானது என்பது பக்கத்துக் கடை மக்கீன் நானாவையும் பொறுத்தது. ஸ்பிரே அடித்தால் தின்னர் வாசம் தன் ஏலக்காய் மூட்டையில் ஏறிவிடுகிறது என்று அவர் ஒருமுறை பெரிய சண்டை போட்டாராம். அன்றிலிருந்து ஓர் உடன்படிக்கை. வெள்ளிக்கிழமை மக்கீன் நானா கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஜும்ஆவுக்குப் போன பிறகுதான் இங்கே ஸ்பிரே இயந்திரம் உறுமும். தொழுகை முடிந்து அவர் திரும்பும்போது வாசம் போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மழை பெய்தால் அடுத்த வெள்ளிதான். தொலைபேசியில் கோபப்படுகிறவர்களை றொபின்சனின் மனைவி ரொஷானி சமாளிப்பார். "பெயின்ட் காயுதுங்க" என்று என்னிடமும் தேனொழுகச் சொன்னார். நேரில் வந்து பார்த்தபோது என் காரில் பெயின்ட் என்று ஒன்று பட்டிருக்கவே இல்லை.

தாமதத்துக்கு உண்மையான காரணம் கராஜின் கடைசி மூலையில், வேன் மூடும் தார்ப்பாயின் கீழே இருந்தது. வாரத்தில் ஆறு நாளும் கலேவெலயிலிருந்தும் நாவுலயிலிருந்தும் வருகிற மரக்கறி லொறிகளின் துருவைச் சுரண்டிப் புதிதாக்குகிற இந்த மனிதர், ஏழாம் நாள் பூசை முடிந்து வந்து தலைகீழாக வேலை செய்கிறார். புதிதாக ஒன்றைச் செய்து, அதைப் பழசாக்குகிறார். "புதுசாக்க ஒரு கிழம போதும் மிஸ். பழசாக்கத்தான் காலம் எடுக்குது" என்றார். தார்ப்பாயைத் தூக்கினார். ஒரு மேசை அகலத்துக்கு ஒரு கல்லுப் பாலம். வளைவுக்குக் கீழே கறுப்பாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது. தொட்டால் விரல் நனையும் என்றே நினைத்தேன். நனையவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே, ரொஷானி பிறந்த தோட்டத்துப் பாலம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் கருங்கல்லை வெட்டி அடுக்கியது. போன வருஷத்துப் பெருமழையில் ஆறு அதை அப்படியே கொண்டுபோய்விட்டது. இப்போது இரும்பில் தற்காலிகமாக ஒன்று போட்டிருக்கிறார்கள், வேன் ஏறினால் தடதடவென்று ஆடுகிறதாம். இந்த நத்தாருக்குத் தோட்டத்துக் கோயிலில் கட்டும் பாலன் குடிலில் மலையும் மாட்டுக்கொட்டிலும் மட்டும் போதாது, நம்ம பாலமும் இருக்க வேண்டும் என்று லயத்து வீட்டு ஆட்கள் பாதரிடம் கேட்டார்கள். பாதர் றொபின்சனிடம் கேட்டார். மூன்று ராஜாக்களும் ஒட்டகத்தோடு இந்தப் பாலத்தைக் கடந்துதான் பாலனைப் பார்க்கப் போகிறார்கள். ஒட்டகம் இரத்தோட்டைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு, பெத்லகேமிலிருந்து வந்திருக்கும் என்றார் றொபின்சன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவருக்கு ஒரே பயம்தான் இருந்தது. அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் அவருக்குப் பெயர் 'டவுன் மாப்புள'. கல்யாணம் முடிந்த கையோடு மாமனாரும் மாமியாரும் நகரத்துக்கே வந்துவிட்டதால் அவர் அந்தப் பாலத்தைக் கடந்தது சில தடவைகள்தான். "பொண்டாட்டி ஊரு மிஸ். அவங்க பாத்துட்டு, இது எந்தூருப் பாலம்னு கேட்டா நான் மூஞ்ச எங்க கொண்டு வைக்கிறது?" என்றார். அதனாலேயே ரொஷானிக்குக்கூட முடியும்வரை காட்டுவதில்லை என்று பிடிவாதம். பார்க்கும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று தெரியவேண்டுமாம்.

முதலில் கட்டிய பாலம் இதுவல்ல. மின்விசிறிப் பெட்டிக்குள் வைத்து வருமே அந்த வெள்ளை ரெஜிபோம், அதில் ஒவ்வொரு கல்லாக வெட்டி, அடுக்கி, ஒட்டி, கடைசியில் பழக்க தோஷத்தில் வேனுக்கு அடிக்கிற பெயின்டையே தின்னர் கலந்து அடித்திருக்கிறார். தின்னர் பட்டால் ரெஜிபோம் கரைந்துவிடும். கண்ணெதிரே பாலம் குழைந்து உட்கார்ந்தது. "ஆறு கொண்டுபோனதுக்கு மேல நானும் ஒருக்கா கொண்டுபோனேன்" என்று சொல்லிச் சிரித்தார். இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் மறுநாளே மின்சாதனக் கடை வாசலில் போய் நின்று இன்னொரு பெட்டி கேட்டிருக்கிறார்.

இரண்டாவது முறை எல்லாம் தண்ணீர் பெயின்ட். தோட்டத்து ஆற்றிலிருந்து எடுத்துவந்த உண்மையான கருங்கல் துண்டை ஒவ்வொரு ரெஜிபோம் கல்லின் மேலும் அழுத்தி, அதன் சொரசொரப்பை இதற்கு மாற்றினார். பக்கத்துப் பக்கத்துக் கல் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கக்கூடாது என்பது அவர் சட்டம். பிறகு கறுப்பை நன்றாகத் தண்ணீராக்கி மேலிருந்து ஓடவிட்டார். அது இடுக்குகளைத் தேடிப் போய்த் தங்கியது. மேலே நின்றதைப் பழைய பெனியன் துணியால் ஒற்றி எடுத்தார். பாதையின் மண்ணுக்குக் குடித்து முடித்த தேயிலைச் சக்கையைக் காயவைத்தார். பாசிக்குப் பச்சைச் சாயத்தில் ஊறிய ஸ்பொஞ்சை ரொஷானியின் பிளெண்டரில் அரைத்தார். அந்த வாரம் தேங்காய்ச் சம்பல் பச்சை நிறமாக வந்ததைப் பற்றி இருவருமே இன்னும் பேசுவதில்லை. பாலத்தின் பக்கமாக ஓடும் தண்ணீர்க் குழாய்க்குத் துரு வேண்டியிருந்தது. துருவுக்கு அவரிடம் பஞ்சமா? ஜாம் போத்தல்களில் நிறவாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் குழாயின் மூட்டில் செம்மஞ்சளாக ஒரு கறை இறங்குகிறது பாருங்கள், அது என் காரின் பின்கதவிலிருந்து எடுத்தது. அதைச் சொன்னபோது எனக்குத் தாமதத்தின் மேலிருந்த கோபம் பாதியாகக் குறைந்துபோனது.

பார்த்துச் செய்ய அவருக்குக் கிடைத்தவை கல்யாணப் படங்கள். தோட்டத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அந்தப் பாலத்தில் நின்று ஒரு படம் பிடிப்பார்கள். ஒவ்வொரு படத்திலும் பாலம் இருக்கிறது, ஒவ்வொரு படத்திலும் அதை மறைத்துக்கொண்டு மாமன்மாரும் சித்திமாரும் இருக்கிறார்கள். தோளுக்கும் தோளுக்கும் நடுவே தெரிந்த துண்டு துண்டுக் கல்லைச் சேர்த்துத்தான் கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கண்டுபிடித்தார். அந்தத் துண்டுகளெல்லாம் வெள்ளையாகப் பளிச்சிட்டன. அது கமரா பிளேஷ் அடித்த வெளிச்சம் என்றார். நிறத்தோடு பிழைக்கிற மனிதர் சொல்கிறார், நானும் தலையாட்டினேன். அந்தச் சுவரில்தான் அவர் தன் கைவண்ணம் முழுவதையும் காட்டியிருந்தார். கறுத்து, வெடித்து, பாசி படர்ந்து, ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு இலை விரித்த ஒரு பன்னச் செடியும் முளைத்திருந்தது.

போன ஞாயிறு நான் காரை எடுக்கப் போனேன். கார் தயார். கராஜில் ரொஷானியும், சந்தைக்கு வந்த அவருடைய அக்கா மரிய கொறற்றியும் பூசைக்கு உடுத்திய சேலையோடு நின்றிருந்தார்கள். மரிய கொறற்றி இன்னமும் அந்தத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறார். வெளியே மழை அடித்ததால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, றொபின்சன் தார்ப்பாயை விலக்கினார்.

ரொஷானி குனிந்து வளைவுக்குள் பார்த்தார், ஒரு விரலால் பாசியைத் தொட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' றொபின்சனின் முகத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மரிய கொறற்றி பாலத்தைச் சுற்றி வந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "ஆறு சரி. வளைவு சரி. இந்தக் கைப்பிடிக் கட்டுதான் நம்ம கட்டு இல்ல தம்பி."

றொபின்சன் விடவில்லை. தான் போனபோது பாசி இருந்தது என்றார். இருந்தது, கீழே இருந்தது, மேலே நாங்கள் விட்டதில்லை என்றார் மதினி. றொபின்சன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார், மாமன்மாருக்கு நடுவே பளிச்சிட்ட துண்டைக் காட்டி பிளேஷ் என்றார். அந்த அம்மாள் படத்தை வாங்கக்கூட இல்லை.

"சுண்ணாம்பு தம்பி. கலியாணத்துக்குக் கலியாணம் பொண்ணு வீட்டுக்காரங்கதான் அடிக்கணும். மாப்புள வேன் பனி மிஸ்ட்டுல வருதுல்ல, கட்டு தெரியாட்டி ஆத்துக்குள்ள போயிருவாங்க."

"எங்க கலியாணத்துக்குமா?" என்று கேட்டார் றொபின்சன். கேள்வி மதினியிடம், பார்வை மனைவியிடம்.

ரொஷானிதான் பதில் சொன்னார். முதல் நாள் அடித்ததை இரவு மழை கழுவிவிட்டதாம். விடியும் முன்பே அக்காவும் அவருமாகப் போய் மறுபடி அடித்திருக்கிறார்கள். மணப்பெண் பாலத்துக்கு வெள்ளையடித்த கதை வெளியே தெரிந்தால் அம்மா அடிப்பாள் என்று இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. "சுண்ணாம்பு பட்டு வெரலெல்லாம் பொத்துப் போச்சு. மோதிரம் போடுறப்ப கேட்டீங்க தானே, கை ஏன் நடுங்குதுன்னு."

"பயம்னு நெனச்சேன்."

"எரிச்சல்" என்றார் ரொஷானி.

மரிய கொறற்றி சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். றொபின்சன் சிரிக்கவில்லை. அந்தக் காலையில் கோட்டும் சூட்டுமாக வேனின் பின்சீட்டில், மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றிச் சத்தி வந்துவிடுமோ என்று தலையைக் குனிந்துகொண்டே வந்ததாகச் சொன்னார். ஒன்றையும் பார்க்கவில்லை என்றார். இத்தனை வருஷம் கழித்து அவருக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

கொஞ்ச நேரம் தன் பாசியையும் பன்னத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு அழகாகப் பழசாக்கிய சுவர், அதை மறைக்க எனக்கே மனசு வரவில்லை. பிறகு மதினியிடம் வெற்றிலைப் பையைக் கேட்டார். அதிலிருந்த சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிரித்து, பெயின்ட் மூடியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, மெல்லிய தூரிகையால் கைப்பிடிச் சுவரின் ஒரு முனையிலிருந்து அடிக்கத் தொடங்கினார். ஈரமாக இருக்கும்போது கறுப்பு அப்படியே தெரிந்தது. சுவரில் சுண்ணாம்பு பிடிக்கவில்லையே என்றார். காயட்டும் தம்பி, காய்ந்தால்தான் வெளுக்கும் என்றார் மரிய கொறற்றி. இந்த முறை 'பெயின்ட் காயுது' என்பது பொய்யில்லை. எல்லோருமாக நின்று அது காய்வதைப் பார்த்தோம். சாம்பல் மங்கி, மெல்ல மெல்ல வெள்ளை மேலே வந்தது. பாசி வளைவுக்குக் கீழே மட்டும் மிஞ்சியது. மரிய கொறற்றி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்ப நம்ம பாலம்" என்றார்.

றொபின்சன் ஷட்டரை முழுவதும் இறக்கினார், விளக்கை அணைத்தார். ரொஷானி பாலத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். இவர் இந்தப் பக்கம், டவுன் பக்கத்துப் பாதை தொடங்கும் இடத்தில், சிமெந்துத் தரையில் முழங்காலிட்டு, கன்னம் மேசையில் படுமளவுக்குக் குனிந்து, கைத்தொலைபேசியின் டோர்ச்சை எரித்தார். பிறகு அந்த வெளிச்சத்தை, மாப்பிள்ளை வேனைப் போல, இரண்டு வெள்ளைச் சுவர்களுக்கும் நடுவே, மிக மெதுவாகப் பாலத்தின் மேல் ஓட்டிக்கொண்டு போனார்.