அணைக் கதவும் குணத்தாரின் கிழமையும்

திறந்தாலும் ஏச்சு, மூடினாலும் ஏச்சு விழுகிற உத்தியோகம் உலகத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். அது நீரேரி அணையில் கதவு பார்க்கிற வேலை. கதவைத் திறந்தால் கடல்தண்ணீரோடு இறால் குஞ்சுகள் நீரேரிக்குள் வரும், மீன்பிடிக்கிற சனம் சந்தோஷப்படும். திறந்தே விட்டால் கரையோரத் தோட்டக் கிணறுகள் உவராகிவிடும், கமக்காரர் சண்டைக்கு வருவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை, அதனால் மீன்பிடிக்கிற சனத்துக்கு நீரேரிதான் கஞ்சி ஊற்றியது. உரமும் மண்ணெண்ணெயும் கிடைக்காத கமக்காரருக்கோ கிணற்றுத் தண்ணீர் ஒன்றுதான் மிச்சம்.

அந்தக் கதவுகளை ஒரு கிழமை ஏழு நாளும் நானும், மறு கிழமை குணரத்தினமும் மாறி மாறிப் பார்த்தோம். சம்பளம் ஒன்று, கதவு ஒன்று, அதைத் தூக்குகிற சங்கிலி ஒன்று. ஆனால் என்னை எல்லாரும் ‘கதவுக்காரர்’ என்றார்கள், அவனைக் ‘குணம் அண்ணை’ என்றார்கள். உங்கள் கந்தோரிலும் இப்படி ஒரு குணம் அண்ணை இருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

உப்புத் தேத்தண்ணி

கரவெட்டிப் பக்கத்தில் வெங்காயம் வைக்கிற கந்தசாமியர் என் கிழமையில் தவறாமல் ஒரு போத்தலில் தேத்தண்ணி கொண்டுவருவார். உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய கிணற்றுத் தண்ணீரில் போட்டது. ஒரு மிடறு குடித்தால் பனங்கட்டி முழுவதையும் வாயில் போட்டுக் கடித்தாலும் கரிப்புப் போகாது. நான் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, கதவை மூடச் சொல்லிப் போவார்.

அதே கந்தசாமியர் குணத்தாரின் கிழமையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்ததை என் கண்ணால் கண்டேன். அன்றைக்குப் பொறுக்க முடியாமல், “அவனுக்கு மாம்பழம், எனக்கு உப்புத் தேத்தண்ணியோ?” என்று கேட்டேவிட்டேன். கந்தசாமியருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

“அவர் எங்கடை கிணத்தடிக்குத் தானே வந்து அள்ளிக் குடிக்கிறவர், கதவுக்காரர். உங்களுக்கெல்லோ கொண்டுவந்து பருக்க வேண்டிக் கிடக்கு.”

உள்ளங்கை இறால்

மறுகரையில் இராசம்மா இருந்தாள். புருஷன் வல்லிபுரம் வலை இழுப்பான், வாய் இவளுடையது. என் கிழமையில் ஒருநாள், கதவைக் கெதியாக மூடிவிட்டேன் என்று கோபித்து வந்தாள். உள்ளங்கையை விரித்து ஒரேயொரு இறாலைக் காட்டினாள். கண்ணாடி போட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தேன்.

போன கிழமை இதே கையால் அவள் குணத்தாருக்கு ஒரு உமல், அதுதான் பனையோலைப் பை, நிறைய இறால் கொடுத்தது எனக்குத் தெரியும். இறால் மீசை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மெல்ல இழுத்தேன். அவள் கையை என் மூக்குக்குக் கிட்டவே கொண்டுவந்தாள்.

“உந்த ஒரு இறாலை வைச்சுச் சொதி வைக்கிறதோ, பொட்டு வைக்கிறதோ, நீங்களே சொல்லுங்கோ!”

வேலிக்கு அப்பால்

கெட்ட காலத்துக்கு எங்கள் இரண்டு குடும்பமும் பக்கத்துப் பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்தோம். நடுவில் ஒரு கிடுகு வேலி. இறாலுக்கு வேலி தெரியுமா? பொரிக்கிற வாசம் நேரே எங்கள் குசினிக்குத்தான் வரும். நான் கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டு, எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். என் மனிசி அகப்பையைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கு இறாலோ ஒத்துக்கொள்ளாது? குணம் அண்ணைதான் ஒத்துக்கொள்ளாது.”

நாரிப் பிடிப்பு

அவன் இரண்டு பக்கத்துக்கும் களவாக ஏதோ செய்துகொடுக்கிறான் என்பதுதான் என் முடிவு. கையும் களவுமாகப் பிடிக்க அவனுடைய கிழமையில் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். தாழைப் பற்றைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

குணரத்தினம் சீமெந்துக் கட்டில் சாய்ந்து இருந்தான். சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தது கந்தசாமியரும் வல்லிபுரமும்! கிறீஸ் இல்லாத சங்கிலிக்கு இராசம்மா தேங்காய் எண்ணெய் விட்டாள். எத்தனை கதவு, எவ்வளவு நேரம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. கடைசியில், குஞ்சு ஏறுகிற கடல்பெருக்குக்கு இரண்டு கதவு திறப்பதென்றும், கரைக் கிணற்றில் கரிப்புத் தட்டியவுடன் வல்லிபுரமே வந்து மூடுவதென்றும் முடிந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது. எத்தனை வருஷம் நான் தனியாக முறிந்தேன்!

பற்றையிலிருந்து வெளியே வந்து, “சம்பளம் உனக்கு, வேலை அவைக்கோ? உந்தப் பெரிய யோசினை எங்கையிருந்து வந்தது?” என்று கேட்டேன். அவன் எழும்பக்கூட இல்லை.

“யோசினை ஒண்டுமில்லை மச்சான், நாரி பிடிச்சிட்டுது, இடுப்பை நிமிர்த்தேலாது. அதுதான் முதல்நாள் ஒரு கை குடுங்கோ எண்டு கூப்பிட்டனான்.”

என் நாரி

கடவுள் அவனுக்கு நாரிப் பிடிப்பையும் இடம் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். அடுத்த கிழமை நானும் நாரியைப் பிடித்துக்கொண்டு முனகினேன். இரண்டு கரையும் வந்தது, இழுத்தது, சண்டை பிடித்தது, தானாகவே ஓய்ந்தது. மாரி முடியும்போது கந்தசாமியரின் தேத்தண்ணி வாயில் வைக்கக்கூடியதாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு மனம் குளிர்ந்தது. ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பரவாயில்லை, குணம் அண்ணையைப் பார்த்து நீங்களும் பழகிட்டியள்.”

உமல்

பிறகு குணரத்தினத்துக்கு அரியாலைப் பக்கத்து அணைக்கு மாற்றம் வந்தது. வெளியே கவலைப்பட்டேன், உள்ளே பொங்கலே பொங்கினேன். இனி எல்லாக் கிழமையும் என் கிழமை. ஒருநாள் மத்தியானம் இராசம்மா அணைக்கட்டு வழியே வந்தாள். கையில் பாரமான உமல், வெளியே நீட்டிக்கொண்டு மீசை. கண்ணாடி தேவைப்படவில்லை. இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு எழும்பினேன். அவள் உமலை என் காலடியில் வைத்துவிட்டு முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

“குணம் அண்ணைக்கெண்டு கொண்டுவந்தது. இந்த வெய்யிலுக்குள்ளை அரியாலைக்கு ஆர் சைக்கிள் உழக்கிறது? போய்ச் சேர முன்னம் பழுதாப் போயிடும், நீங்களே கறி வையுங்கோ, அண்ணை.”

அந்த உத்தியோகத்தில் என்னை அண்ணை என்று ஒருவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான், அதுவும் அவனுடைய இறாலோடு சேர்ந்துதான் வந்தது.