கதவு திறக்காத காலை

நியூ ஜெர்சியில் எடிசன், பிஸ்கேட்டவே பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரூஃபஸ் என்றால் ஏர்போர்ட் வண்டிக்காரர். ஊரிலிருந்து வரும் பெற்றோரை நூவர்க்கிலிருந்து கூட்டிவர வேண்டுமா, விடுமுறைக்குப் போகும் குடும்பத்தை மூட்டை முடிச்சோடு கென்னடியில் இறக்கிவிட வேண்டுமா, வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது அவர் நம்பரைப் போட்டுவிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு வருவார். அதிர ஓட்டமாட்டார். முக்கியமாக, பேசமாட்டார். "அந்த அண்ணன் வண்டில நிம்மதியா தூங்கிட்டே போகலாம்" என்று சொல்லிக்கொள்வார்கள்.

அவர் எப்போதுமே பேசாதவராக இருந்ததில்லை. குழித்துறையில் பிறந்து, நாகர்கோவிலில் இன்ஜினியரிங் முடித்து, சென்னை வழியாக நியூ ஜெர்சிக்கு வந்து இருபது வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்தார். அடுத்தவர் எழுதிய புரோகிராம் எந்த இடத்தில் உடையும் என்று உடைவதற்கு முன்பே சொல்வதுதான் தொழில். அதில் கெட்டிக்காரர். சர்ச் கொயரில் கட்டைக்குரல் அவருடையது. பார்க்கிங் லாட்டில் அவர் சிரித்தால் உள்ளே பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வருடத்துக்கு முந்தின வசந்தகாலத்தில் வேலை போயிற்று. வீடியோ காலில் முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதி வைத்ததை வாசித்தாள். ரூஃபஸ், "ஓகே, தாங்க் யூ" என்று சொல்லி லேப்டாப்பை மூடினார். மனைவி ஜெஸ்மி ஆஸ்பத்திரியில் இருதய வார்டில் நர்ஸ். அன்று விடுப்பில் வீட்டில் இருந்தாள். கத்துவார், அழுவார், சுவரில் குத்துவார் என்று பயந்துகொண்டே கதவோரம் நின்றாள். அவர் எழுந்துபோய்க் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் தள்ளிவைத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

வேறு வேலைக்கு விண்ணப்பித்தார். சில இன்டர்வியூக்கள் நடந்தன. பிறகு அதுவும் நின்றது. பக்கத்து வீட்டு சாய்ராம் ஒருநாள் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவிடச் சொன்னார், கொண்டுவிட்டார். சாய்ராம் இன்னொருவரிடம் சொன்னார். அப்படியே மினிவேன் ஓட்டுவது தொழிலாகிப் போயிற்று. அதில் அவருக்கு அவமானமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஜெஸ்மியைக் கவலைப்பட வைத்தது அதுதான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் கொயரோடு நின்றவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்ததை அவள் கீழே உட்கார்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "தொண்டை செரியில்லையா?" என்று கேட்டதற்கு, "இல்ல, நல்லாதான் இருக்கு" என்றார்.

இந்த ஜனவரியில் பனி விட்டு விட்டுக் கொட்டியது. பனியை உருக்க நகராட்சி லாரிகள் சாலையெங்கும் உப்பைத் தூவின. மினிவேனின் கறுப்பு நிறம் மறைந்து, கீழ்ப்பாதி முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆயிற்று. ஏறி இறங்குகிறவர்களின் கால்சட்டையில் வெள்ளை ஒட்டியது.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் வண்டி கழுவுவதை அவர் ஒரு காரியமாகவே செய்வார். வாரம் முழுக்க வெதர் பார்த்து, மதியமாவது உறைநிலைக்கு மேலே ஏறும் நாளைத் தேர்ந்தெடுப்பார். தண்ணீர் பீய்ச்சும் இடத்துக்கு ஓட்டிப்போய், முதலில் வண்டியின் அடிப்பக்கத்தில் அடிப்பார். உப்பு அங்கேதான் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூடாக இருக்கக் கூடாது. கழுவின கையோடு ஒவ்வொரு கதவையும் திறந்து, ஓரத்து ரப்பர், அதன் மடிப்பு, கைப்பிடியின் உள்பக்கம் எல்லாம் துணியால் ஒற்றி எடுப்பார். கதவுகளை நாலைந்து முறை திறந்து மூடி, தங்கியிருக்கும் தண்ணீரை உதறவைப்பார். கடைசியில் ரப்பரில் கொஞ்சம் சிலிகான் தடவுவார். "காரா இல்ல கைக்குழந்தையா?" என்று ஜெஸ்மி கேலி செய்வாள். இந்தக் குளிர்காலத்தில் அவர் ஒருமுறையும் கழுவவில்லை.

"நாளைக்கு சவாரி இருக்குல்லா? இந்தக் கோலத்துல வண்டிய எடுத்துட்டுப் போவாதீங்க," என்றாள் ஜெஸ்மி.

மறுநாள் சவாரி ஸ்ம்ருதி என்ற பெண்ணுக்கு. சென்னைக்காரி. பிளெயின்ஸ்பரோவில் வீடு. அப்பா திடீரென்று விழுந்து வென்டிலேட்டரில் இருக்கிறார். கணவன் ஆபீஸ் வேலையாக சான்டா கிளாராவில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அவளும் ஐந்து வயது மகளும் மட்டும் கென்னடியிலிருந்து புறப்படுகிறார்கள். இதையெல்லாம் அவளே வாய்ஸ் மெசேஜில் மூச்சுவிடாமல் சொல்லியிருந்தாள். ரூஃபஸ் கேட்டார். கட்டைவிரல் அடையாளம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

காலையில் பதினெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், உறைநிலைக்கு வெகு கீழே. வெயில் இருந்தது, ஆனால் உறைக்கவில்லை. போகிற வழியில் ஆட்டோமேட்டிக் கார் வாஷ் ஒன்று திறந்திருந்தது. மினிவேனை உள்ளே விட்டார். நுரை, பிரஷ், தண்ணீர், கடைசியில் பெரிய காற்றாடிகள். வெளிப்புறம் பளபளத்தது. வாசலில் நின்ற பையன் துண்டை ஆட்டி, கதவோரங்களைத் துடைத்துக்கொள்ளும்படி சைகை காட்டினான். துணி பின்னால் டிக்கியில்தான் இருந்தது. இறங்கி நாலு கதவையும் துடைக்க ஐந்து நிமிடம் போதும். இந்தக் குளிரில், ஃப்ரீவே காற்றில், துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். சோம்பலும் இல்லை, அவசரமும் இல்லை. எழுந்திருக்கச் சொல்லி உள்ளே எதுவும் தூண்டவில்லை.

ஸ்ம்ருதி வாசலில் பெட்டிகளோடு காத்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. மகள் விதுஷா இளஞ்சிவப்பு ஜாக்கெட்டில் உருண்டையாகப் படியில் நின்றாள். டிரைவர் கதவை ரூஃபஸ் தோளால் முட்டித் திறந்து இறங்கினார். தானாக நகர்ந்து திறக்கும் பின்கதவின் பொத்தானை அழுத்தினார். மோட்டார் முனகியது, இரண்டு முறை பீப் அடித்தது, நின்றது. மறுபக்கத்துக் கதவும் அப்படியே. ரப்பரில் தங்கியிருந்த தண்ணீர் உறைந்து, கதவும் வண்டியும் ஒன்றாகியிருந்தன.

"என்ன ஆச்சுண்ணா?"

"ஃப்ரீஸ் ஆயிடுச்சு. ஹீட்டர் போட்டிருக்கேன். கொஞ்ச நேரம் வெயிட் பண்ணா விட்டுடும்."

"எவ்ளோ நேரம்? டர்ன்பைக்ல டிராஃபிக் வேற காட்டுது. இந்த ஃப்ளைட்ட மிஸ் பண்ணா நாளைக்குத்தான். நாளைக்குப் போனா அப்பா..." அவள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடியில் கையால் அடித்தாள். பிறகு வீட்டுக்குள் ஓடினாள்.

வெளியே வந்தபோது கையில் கெட்டில் இருந்தது. அதன் மூக்கிலிருந்து ஆவி தடியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. கொதிக்கக் கொதிக்க இருந்த தண்ணீர்.

ரூஃபஸ் அதைப் பார்த்தார். அவள் இழுத்துப் பார்த்த கதவின் கண்ணாடியில், கீழ் ஓரத்தில், என்றோ கல் பட்டு உண்டான சின்ன வடுவையும் பார்த்தார். அடுத்து நடக்கப்போவது ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்தது. "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். அவள் நாலு எட்டு நடந்து வந்தாள், கெட்டிலை உயர்த்தினாள், சாய்த்தாள். அவர் பாக்கெட்டில் கையை வைத்தபடி நின்றார்.

பட்டாசுபோல் ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெள்ளையாகி, பொலபொலவென்று உள்ளேயும் வெளியேயும் உதிர்ந்தது. குழந்தை வீரிட்டது. ஸ்ம்ருதி கெட்டிலைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ... சாரிண்ணா, சாரி. எனக்குத் தெரியல. சூடு பட்டா ஐஸ் போயிடும்னு நினைச்சேன்." பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியுமா இப்படி ஆகும்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

கோபமோ வருத்தமோ வந்தால் அதைப் பதிலாகச் சொல்லலாம். எதுவும் வரவில்லை. டிக்கியைத் திறந்து துணியையும் பிரஷ்ஷையும் எடுத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பின்சீட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை அவர் வாரினார். அவள் குப்பை போடும் கறுப்புப் பையும் பெட்டி ஒட்டும் டேப்பும் கொண்டுவந்தாள். ஓட்டையை அடைத்தார்கள். அதற்குள் ஹீட்டர் சூட்டில் மறுபக்கத்துக் கதவு ஒரு முக்கலோடு விட்டுக்கொடுத்தது. வண்டியில் ஏற்கெனவே மாட்டியிருந்த குழந்தை சீட்டை அந்தப் பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். வெந்நீர் ஊற்றிய கதவின் அடியில் தண்ணீர் அதற்குள் மறுபடி உறைந்து பளிங்காகிவிட்டிருந்தது.

டர்ன்பைக்கில் பிளாஸ்டிக் பை படபடவென்று அடித்தது. இடுக்கில் புகுந்த காற்று ஊசியாகக் குத்தியது. "அம்மா, இட்ஸ் ஸோ லவுட்!" என்று விதுஷா கத்தினாள். "காதப் பொத்திக்கோடா," என்றாள் ஸ்ம்ருதி. பாலம் தாண்டும்போது அவள் தம்பி கூப்பிட்டான். இரைச்சலில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்க முடிந்தது. அப்பாவின் நிலைமையில் மாற்றம் இல்லை, காத்திருக்கிறோம், வா என்றான். போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் சத்தம் போட்டு அழுதாள். ரியர்வியூ கண்ணாடியில் அதைப் பார்த்தபடி ரூஃபஸ் ஓட்டினார். ஒருவர் இப்படி அழும்போது தனக்குள் ஏதாவது அசைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தார். அவரால் முடிந்தது அது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டிகளை இறக்கி வைத்ததும் ஸ்ம்ருதி உடனே போகவில்லை.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நான் ஊத்தினப்போ நீங்க பாத்துட்டே நின்னீங்க. எங்கப்பாவும் ரிட்டயர் ஆனப்புறம் கொஞ்ச நாள் இப்படித்தான் எதையாவது வெறிச்சுப் பாத்துட்டே நிப்பாரு. நாங்க கண்டுக்கல. யார்கிட்டயாவது பேசுங்கண்ணா."

"செரிம்மா. நீ போ, நேரமாச்சு," என்றார்.

ஜெஸ்மி டூட்டி முடிந்து வரும்போது மினிவேன் வாசலில் கறுப்புப் பையோடு நின்றது. ரூஃபஸ் சோபாவில் ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு உடைச்சா? எவனாவது கல்ல விட்டு எறிஞ்சானா?"

நடந்ததைச் சொன்னார். கார் வாஷ், உறைந்த ரப்பர், கெட்டில் என்று வரிசையாக, டெஸ்டிங் ரிப்போர்ட் வாசிப்பதுபோல. அந்தப் பெண்மேல் ஜெஸ்மிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கெட்டில்ல கொதிக்கிற வெள்ளத்தையா ஊத்துவா? படிச்சவதானே? நீங்க எங்க போனீங்க அப்போ?"

"அங்கதான் நின்னேன். எனக்க கண்ணு முன்னாடிதான் ஊத்தினா. உடையும்னு தெரியும். சொல்லணும்னு தோணல, ஜெஸ்மி." பிறகு, "அந்தக் குழந்த உள்ள உக்காந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல," என்றார்.

அவர் குரலில் நடுக்கம் இல்லை. ஜெஸ்மி வார்டில் எத்தனையோ பேருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தவள். வீட்டில் இருந்த மனுஷனை ஒன்றரை வருடத்துக்கு மேலாக 'அமைதியாகிவிட்டார்' என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கினாள்.

"நாளைக்கு டாக்டருக்கு போன் பண்ணுகேன். நீங்க வரணும்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல."

"அதுக்குத்தான்."

டாக்டர் வயதான பெண்மணி. ரூஃபஸிடம் தூக்கம் பற்றி, பசி பற்றி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். "சாகணும்னும் தோணல. எதுவுமே தோணல," என்று ஆங்கிலத்தில் சொன்னார் ரூஃபஸ். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், இது மனச்சோர்வு நோய், மருந்து இருக்கிறது, வாரக்கணக்கில் ஆகும் என்றார். பேசுவதற்கு ஓர் ஆளையும் ஏற்பாடு செய்தார். காரில் வரும்போது ஜெஸ்மி அழுதாள். ரூஃபஸ் டிஷ்யூவை எடுத்து நீட்டினார்.

சில நாள் கழித்து ஸ்ம்ருதியிடமிருந்து செய்தி வந்தது. அவள் போய்ச் சேர்ந்த மறுநாள் அப்பா போய்விட்டார். கடைசியில் கையைப் பிடித்திருந்தாளாம். ரூஃபஸ் வெகுநேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அடையாளத்தின்மேல் விரல் போயிற்று, திரும்பி வந்தது. 'நீ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது நல்லது அம்மா' என்று தட்டி அனுப்பினார். உள்ளே கனமாக ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. மதியம் உறைநிலையைத் தாண்டி நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. ஜெஸ்மிதான் கிளப்பினாள். இருவரும் தண்ணீர் பீய்ச்சும் இடத்துக்குப் போனார்கள். அவர் குழாயைப் பிடித்து அடிப்பக்கத்தில் அடித்தார். பழுப்பும் வெள்ளையுமாக உப்புத் தண்ணீர் வழிந்தோடியது. ஜெஸ்மி துணியோடு கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். வெளிப்பக்கத்தை மட்டும் மேலாக இழுத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள். ரூஃபஸ் பின்னாலேயே போய், அவள் விட்ட இடங்களில் ரப்பரை விரலால் விரித்து, மெதுவாக ஒற்றி எடுத்தார். பின்கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். உள்ளிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் உதறி விழுந்தது. கைவிரல்கள் குளிரில் சிவந்து மரத்திருந்தன. அவற்றைத் தேய்த்துக்கொள்ளக்கூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஜெஸ்மி ஹீட்டரைப் போட்டாள்.

"வீட்டுக்குத்தானே?"

எதிரே ஒரு லாரி உப்பைத் தூவிக்கொண்டு போயிற்று. சாயங்காலம் மறுபடி பனி என்று சொல்லியிருந்தார்கள்.

"பசிக்கி," என்றார்.

ஜெஸ்மி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சிக்னலில் இடது பக்கம் இண்டிகேட்டரைப் போட்டு, நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினாள்.