ஓட்டுப் போட வராத தோழி

2024 ஏப்ரல் 18, வியாழக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, மோட்டார் போட்டு, பால் வாங்கி, குளித்து, டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டு வடசென்னை கல்மண்டபத்திலிருந்து வேலைக்குக் கிளம்பினேன். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடந்தன. முந்தின நாள் மாலையோடு பிரசாரமும் ஓய்ந்திருந்ததால் தெருவே புதிதாக இருந்தது.

மறுநாள் தேர்தல். எனக்கு அதில் சொந்த சந்தோஷம் ஒன்று உண்டு. முன்பு எதிர்ச்சாரிக் குடிசையில் இருந்த என் தோழி மீன் விற்பவள். கடலோரக் குடிசைகளை எடுத்தபோது அவள் குடும்பத்துக்கு ஊரின் தென்கோடியில், பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்துவிட்டார்கள். ஓட்டு மட்டும் இன்னும் எங்கள் வாக்குச்சாவடியில்தான். தேர்தலுக்குத் தேர்தல் விடிகாலை பஸ் பிடித்து வருவாள். ஓட்டுப் போட்டுவிட்டு மதியம் வரை என் வீட்டில் இருப்பாள்.

மதியம் அவளிடமிருந்து போன். வரவில்லை என்றாள். பழைய இடத்தில் போய் ஓட்டுப் போட்டால் புது வீட்டை ரத்து செய்துவிடுவார்களாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

அதை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஓர் ஆண் குரல், அதிகாரி மாதிரி நிதானமாகப் பேசியது. பெயர் இல்லை, அலுவலகம் இல்லை, தேதி இல்லை. உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று முடிந்தது. யார் அனுப்பியது என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்கு யார் என்றால், மாடி வீட்டுக்காரர். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

தேர்தல் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பட்டியலில் பெயர் இருக்கும் சாவடியில் போடலாம், வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். அவளிடம் அதைச் சொல்லிவிட்டு, மீன் வாங்கும்போது அத்தனை பேரம், அத்தனை சோதனை, இதை மட்டும் எப்படி அப்படியே வாங்கிக்கொண்டாய் என்று சீண்டினேன்.

"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாப்பேன். போன்ல வர்றத இன்னாத்தத் தூக்கிப் பாக்குறதும்மே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் சொன்னது யார் என்று தேடு, தெரியாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதே என்றேன். நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம், நீயே கேட்டுக்கொள் என்று அந்த எண்ணைக் கொடுத்தேன்.

சாயங்காலம் சாமான் வாங்கப் போனவள், நாளை தோழி வந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று பாயசத்துக்குச் சேமியாவும் வாங்கி வந்தேன். விளக்கு வைத்த பிறகு போன் வந்தது.

"கேட்டேம்மே. பொய்தான். அந்த நம்பர்ல பேசுன பொண்ணு பொறுமையா சொல்லிச்சு. ஆனா என் மவன், ஒருவேளை நெசமா இருந்தா புள்ள குட்டியோட நடுத்தெருவுல நிக்கணும்ங்குறான். வூடு அவன் பேர்ல கீது. நான் இன்னா பண்ணட்டும்?"

குடிசையை இடித்த அன்று தட்டுமுட்டுச் சாமான்களோடு அவள் தெருவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். அவள் இருக்கும் பிளாக்கில் இன்னும் பல பேர் ஓட்டுப் போடப் போகப்போவதில்லை என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, எழுந்ததும் முதல் வேலையாக வாக்குச்சாவடிக்குப் போனேன். தண்ணீர் லாரிக்குக் குடம் வைப்பதுபோல இங்கே ஒருத்திக்காக இடம் பிடித்து வைக்க முடியாது. அதனால் பின்னால் வந்தவர்களை முன்னே விட்டுவிட்டு, பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை; நான் மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினேன். இப்போதும் யாராவது ஒரு குரல் பதிவை அனுப்பினால், இதைக் கேட்டு எந்த வீட்டில் யார் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்டார்களோ என்றுதான் மனம் முதலில் தேடுகிறது.