மஞ்சள் கோடுகள்

தங்கை மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் இருக்கிறாள். தப்பு இருக்கலாம் என்று தோன்றும் வரியில் எல்லாம் கணினி மஞ்சள் கோடு போடும். பெரும்பாலும் வெறும் மிரட்டல்தான். மற்றவர்கள் பார்க்காமலே தள்ளிவிடுவார்கள். அவள் ஒவ்வொன்றையும் குடைவாள். அதனால் ஆபீசில் ‘பூதக்கண்ணாடி’ என்று பேர். அக்காவுக்கோ அதில்தான் பெருமை.

அன்று ஒரு கோடு காட்டிய தப்பு நிஜமாகவே இருந்தது. அந்தப் பகுதி வேறு குழுவுடையது, அவள் கைவைக்க முடியாது. மேலாளரிடம் ஓடினாள்.

“சார், ஒரு குழந்தையோட எடையை நிரப்ப மறந்தா முந்தின குழந்தையோட எடைக்கு மருந்து கணக்குப் போடுது.”

“போன வாரமும் இப்படித்தான் ஓடி வந்தே. எல்லாரும் வேலையை விட்டுட்டுத் தேடினோம். என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல சார். ஆனா இது நெஜம்.”

“அம்மா தாயே, உனக்கு எல்லாமே நெஜம்தான்!”

அவர் கெட்டவர் இல்லை, சலித்துப்போனவர். எல்லோருடைய திரையிலும் மஞ்சள் கோடு வருவதையே நிறுத்திவிட்டார். “அப்பாடா!” என்று அறையே கைதட்டியது.

மேலிடத்துக்கு எழுதினாள். “உங்கள் மேலாளரிடம் பேசவும்” என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை மென்பொருள் அந்தத் தப்போடேயே மருத்துவமனைகளுக்குப் போய்விட்டது.

“இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டியேடி?” என்றாள் அக்கா.

“பார்க்க ஒண்ணும் இல்லக்கா” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.